முள்ளு ஏறுது

மூடியைத் திறந்து உள்ளே பார்ப்பவர்கள் உலகத்தில் கொஞ்சம் பேர், மூடிமேல் ஒட்டியிருப்பதைப் படித்துவிட்டு எல்லாம் தெரிந்த மாதிரி நடப்பவர்கள் மீதிப் பேர் என்பது இயந்திரங்களை மாட்டிப் பழுதுபார்க்கும் ஃபிட்டரின் தீர்மானம். முதல் கூட்டத்தில் தன்னைச் சேர்த்துக்கொண்டிருந்தார். வேறு யார் யார் அதில் என்று கேட்டால் தாடையைத் தடவிக்கொண்டு யோசிப்பார், கடைசி வரை ஒரு பெயரும் வராது. இரண்டாவது கூட்டத்துக்குத் தலைவராக மட்டும் யோசிக்காமலே தொழிற்சாலை மேனேஜரைச் சொல்லிவிடுவார்.

மேனேஜருக்குத் தொழிலாளர்கள் வைத்த பெயர் சுளுக்கு. கழுத்தை ஒரு பக்கம் சாய்த்து, மோவாயைத் தூக்கிக்கொண்டு, இயந்திரங்களின் தலைக்கு மேல் இருக்கும் மீட்டர்களை மட்டுமே பார்த்தபடி நடப்பார். கீழே நிற்கிற மனிதன் கண்ணில் பட மாட்டான். தரையில் எண்ணெய் சிந்தியிருந்தால் அதுவும் படாது. அதில் வழுக்கி இரண்டு தடவை விழப் பார்த்திருக்கிறார், இரண்டு தடவையும் தரை சரியில்லை என்று தரையைத் திட்டினார்.

அந்தக் கூடத்தில் இரண்டு பக்கமும் தானியங்கி இயந்திரங்கள். ஒவ்வொன்றும் கண்ணாடிக் கதவு போட்ட ஒரு சின்ன அறை. கதவு மூடியதும் உள்ளே உருக்குத் துண்டு சுழலும், வெட்டுளி அதைச் சீவும், சூடேறாமல் இருக்க நாலா பக்கமிருந்தும் எண்ணெய் பீய்ச்சியடிக்கும். அந்த வேகத்தில் எண்ணெய் பொடிப்பொடியாகச் சிதறி, கண்ணுக்கு வெள்ளையாகவும் தொண்டைக்குக் கசப்பாகவும் ஒரு மூட்டமாகிவிடும். தொழிலாளர்கள் அதைப் பனி என்பார்கள். கேட்கிறவனுக்கு ஏதோ மலைமேல் காற்று வாங்கப் போன மாதிரி இருக்கும். அந்தப் பனியில் நின்றவன் வீட்டுக்குப் போய்ப் படுத்தால் தலையணை உறையில் மஞ்சளாக எண்ணெய்க் கறை இருக்கும்.

துண்டை ஏற்றுவதும் இறக்குவதும் இயந்திரத்தின் கையே செய்துவிடும். மனிதனுக்கு மிச்சம் வைத்தது ஒரே வேலை. கதவு தானாகத் திறந்ததும் குனிந்து, காற்றுக் குழாயால் சீவல்களை ஊதிவிட்டு, அளவு பார்க்க வேண்டும். அதாவது பனி வெளியே வரும் நேரம் பார்த்து அதில் முகத்தை நீட்ட வேண்டும். வேலையை இப்படிப் பிரித்துக் கொடுத்தவன் எந்தக் காலத்திலும் அந்தக் கதவுக்கு முன்னால் நின்றிருக்க மாட்டான் என்று ஃபிட்டர் சொல்வார்.

இதற்காகத்தான் ஒவ்வொரு இயந்திரத்தின் தலையிலும் ஒரு வெள்ளைப் பெட்டியை வாங்கி மாட்டினார்கள். பெட்டிக்குள் ஒரு விசிறி, ஒரு வடிகட்டி. விசிறி பனியை உறிஞ்சும், வடிகட்டி எண்ணெயைப் பிடித்துக்கொள்ளும், சுத்தமான காற்று வெளியே போகும். பெட்டிக்குத் தொழிலாளர்கள் மூக்கு என்று பெயர் வைத்தார்கள். மூக்கின் பக்கவாட்டில் கைக்கடிகாரம் அளவுக்கு ஒரு மீட்டர், அதில் ஒரு முள். வடிகட்டியைத் தாண்டிப் போகக் காற்று எவ்வளவு திணறுகிறது என்பதை முள் காட்டும். வடிகட்டி புதிதாக இருந்தால் முள் கீழே படுத்திருக்கும். எண்ணெய் அடைக்க அடைக்க மேலே ஏறும், ஏறி ஒரு கோட்டைத் தொட்டால் வடிகட்டியை மாற்ற வேண்டும். சளி பிடித்த மூக்கால் மூச்சு விட்டுப் பார்த்த யாருக்கும் இது புரியும்.

பெட்டி விற்க வந்த ஆள் இதையெல்லாம் மேனேஜரின் குளுகுளு அறையில், நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டுக்கொண்டு சொல்லிவிட்டுத்தான் போனான். சுளுக்கு அப்போது போனில் யாரையோ திட்டிக்கொண்டிருந்தார்.

முதல் நாள் எல்லா மூக்குகளும் ஓடின. எல்லா முட்களும் சமர்த்தாகக் கீழே படுத்திருந்தன. சுளுக்கு மோவாயைத் தூக்கிக்கொண்டு வரிசை முழுக்கப் பார்த்துவிட்டு வந்தார். முகத்தில் கடுகடுப்பு.

"என்னய்யா, இவ்வளவு செலவு பண்ணி வாங்கிப் போட்டிருக்கோம். ஒரு முள்ளும் எழும்பலையே. இழுக்குதா இல்லையா?"

ஏணியில் நின்றிருந்த ஃபிட்டர் சொன்னார். "சார், முள்ளு கீழ இருந்தாத்தான்..."

"உன்னக் கேட்டனா?"

ஃபிட்டர் நிறுத்தினார். கூடமே திரும்பிப் பார்த்தது.

"நீ போல்ட்ட முடுக்கு. புரிஞ்சுக்கறது என் வேலை."

சொல்லிவிட்டு சுளுக்கு போய்விட்டார். ஃபிட்டருக்குக் காது மடல் சூடாகிவிட்டது. அந்த ஆளுக்கு இயந்திரத்தில் எது முன்பக்கம் எது பின்பக்கம் என்றே தெரியாது, அவர் நாலு பேர் முன்னால் தன் வாயை அடைக்கிறார். சரி, இனி அவர் வாயால் கேட்காதவரை ஒரு வார்த்தை சொல்வதில்லை என்று அப்போதே முடிவு செய்துகொண்டார். ஏணியிலிருந்து இறங்கும்போது அவமானம் போய், வேடிக்கை பார்க்கிற ஒரு சந்தோஷம் வந்திருந்தது.

தேநீர் வேளையில் ஃபிட்டர் முள்ளின் அர்த்தத்தைச் சொல்லிவிட்டு, நடந்ததை நடித்துக் காட்டினார். கழுத்தைச் சாய்த்து, மோவாயைத் தூக்கி, "புரிஞ்சுக்கறது என் வேலை" என்று அதே குரலில் சொன்னபோது கூட வேலை செய்யும் கடைசல்காரர் சிரித்துச் சிரித்துப் புரையேறிப்போனார். அன்றிலிருந்து யார் எதைக் கேட்டாலும் இதுதான் பதில்.

போகப்போக முட்கள் ஏறின. ஏறாமல் என்ன செய்யும்? சுளுக்குக்கு முகம் மலர்ந்தது. "இப்பத்தான் பிக்கப் ஆகுது" என்றார். முள் உயரமாக நிற்கிற இயந்திரத்தில் யாரும் கை வைக்கக் கூடாது, நன்றாக ஓடுவதைத் தொட்டுக் கெடுக்கக் கூடாது என்று உத்தரவு போட்டார். முள் தாழ்ந்திருக்கிற மூக்கைக் கழற்றிச் சோதிக்கச் சொன்னார். புது வடிகட்டிகள் ஸ்டோரில் அட்டைப் பெட்டியோடு தூங்கின. ஃபிட்டர் சொன்னதைச் சொன்னபடி செய்தார். நன்றாக இருந்த மூக்குகளைக் கழற்றி மாட்டினார், அடைத்துக்கொண்டிருந்தவற்றைப் பார்த்துப் பெரிய கும்பிடாகப் போட்டுவிட்டுப் போனார். கூடத்தில் பனி திரும்ப வந்து குழல் விளக்குகளைச் சுற்றி மங்கலாக நின்றது. தேநீர் டம்ளரில் எண்ணெய் மினுங்கியது. எல்லோரும் கரித்துக்கொட்டினார்கள், இருமினார்கள், ஒருவரும் போய்ச் சொல்லவில்லை. சொல்லிவிட்டால் அப்புறம் தேநீர் வேளையில் எதை வைத்துச் சிரிப்பது?

அந்தச் சிரிப்பில் ஃபிட்டர் கவனிக்காமல் விட்டது தன் மச்சினனை.

மச்சினன் அவருடைய மனைவியின் தம்பி. தாய் போனபோது அவன் அரைக்கால் சட்டைப் பையன். அக்காதான் குளிப்பாட்டி, தலை வாரி, பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி ஆளாக்கினாள். துணிக்கடையில் வேலையாக இருந்தவனை அவள்தான் நச்சரித்து ஃபிட்டர் மூலமாக இங்கே சேர்த்தாள். சேர்த்த அன்றைக்கு அவள் சொன்னது ஒன்றுதான். "அவன் சூதுவாது தெரியாதவங்க. கூட இருந்து பாத்துக்கங்க." ஃபிட்டரும் பார்த்துக்கொள்வதாகத் தலையாட்டினார். மச்சினன்மேல் அவருக்கு வெறுப்பு கிடையாது. ஆனால் யார் எது சொன்னாலும் "சரிங்க" என்கிற ஆளை மதிக்கவும் அவரால் முடியாது. தொழிற்சாலையில் அவனுக்குப் பெயரே சரிங்க. அந்தப் பெயரை வைத்ததும் ஃபிட்டர்தான்.

வரிசையில் கடைசியாக, சுவரோரம் இருந்த இயந்திரத்தில் அவன் நின்றான், தேநீரையும் தனியாக அங்கேயே குடிப்பான். அந்த இயந்திரத்தின் முள் எல்லாவற்றையும் முந்திக்கொண்டு ஏறியது. கோட்டைத் தொட்டது, தாண்டியது, அதற்கு மேலும் போயிற்று. சுளுக்குக்குப் பரவசமே வந்துவிட்டது. கூட்டம் கூட்டி, "ஒரே கம்பெனி, ஒரே மெஷின். இவன் மட்டும் எப்படி இவ்வளவு இழுக்க வெக்கறான்? அக்கறை வேணும்யா, அக்கறை" என்று பேசினார். மச்சினனின் புகைப்படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு வாசல் சுவரில் மாட்டினார். எல்லோரும் கை தட்டினார்கள். தட்டிக்கொண்டே சிரித்தார்கள், சிரிப்பை அடக்க முடியாமல் தூணுக்குப் பின்னால் போய் நின்றவர்களும் உண்டு. மச்சினன் காதுவரை சிவந்துபோய், நாலு பக்கமும் கும்பிட்டான்.

விடுமுறை நாளில் அவன் அக்கா வீட்டுக்குச் சாப்பிட வருவான். வந்தால் இருமுவான். ஒரு வாய் சாப்பிட்டு, இருமி, தண்ணீர் குடித்து, அடுத்த வாய் எடுப்பான்.

"என்னடா இது, விடவே மாட்டேங்குது?" என்றாள் அக்கா.

"சளிக்கா. போயிடும்."

"என்ன மாப்ள, முள்ளு ஏறுதா?" என்று கேட்டார் ஃபிட்டர்.

"ஏறுது மாமா. நேத்து சார் வந்து தோள்ல தட்டிட்டுப் போனாரு."

ஃபிட்டருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பரவாயில்லையே, இவனும் சேர்ந்துகொண்டு அந்த ஆளை ஓட்டுகிறானே, முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல் என்ன நடிப்பு என்று மெச்சிக்கொண்டார். ஒரு நிமிடம் அவன்மேல் மதிப்புகூட வந்தது. மனைவிக்கு எதுவும் விளங்கவில்லை. தம்பியை ஏதோ பாராட்டுகிறார் என்று நினைத்து இன்னொரு கரண்டி பரிமாறினாள்.

அதற்கப்புறம் ஒரு திங்கட்கிழமை, கதவு திறந்து பனி முகத்தில் மோதியபோது மச்சினன் காற்றுக் குழாயைக் கையில் பிடித்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டான். உதடு நீலம் பாரித்திருந்தது. மூச்சை இழுக்கிறான், உள்ளே போகவில்லை. ஃபிட்டர் ஓடிவந்து தூக்கினார். கனமே இல்லை. இவ்வளவு இளைத்திருக்கிறானே என்று அப்போதுதான் கண்ணில் பட்டது.

ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்துவிட்டு டாக்டர் அம்மா ஃபிட்டரையும் ஓடிவந்திருந்த மனைவியையும் கூப்பிட்டார். "நெஞ்சுக்குள்ள எண்ணெய் எறங்கி ரெண்டு பக்கமும் புண்ணாக்கியிருக்கு. அங்க காத்த உறிஞ்ச ஏதும் வெக்கலையா?"

"வெச்சிருக்காங்கம்மா" என்றார் ஃபிட்டர்.

"அப்ப அது ஓடலை. உயிருக்கு ஒண்ணும் வராது. ஆனா பழைய மூச்சு முழுசா திரும்பும்னு நான் வாக்குக் குடுக்க மாட்டேன். இனிமே அந்த எடத்துப் பக்கமே அனுப்பாதீங்க."

மனைவி அழவில்லை. டாக்டர் சொன்ன ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டிக்கொண்டு நின்றாள். ஃபிட்டர், இதோ வந்துவிடுகிறேன் என்று சொல்லித் தொழிற்சாலைக்குத் திரும்பினார்.

யாரையும் கேட்காமல் கடைசி இயந்திரத்தை நிறுத்தி, ஏணியைச் சாய்த்து ஏறி மூக்கைத் திறந்தார். வடிகட்டி கறுத்து, ஊறி, எண்ணெய் சொட்டும் என்று அவருக்குத் தெரியும். ஆனால் வடிகட்டி கண்ணில் படவில்லை. அதன் முகத்தை மூடிக்கொண்டு ஒரு துணி மெத்தை இருந்தது. பழைய போர்வையை நாலாக மடித்து, வடிகட்டியின் அளவுக்குத் துல்லியமாக வெட்டி, சுற்றிலும் தைத்து, நாலு மூலையிலும் கட்டுவதற்கு நாடா வைத்தது. நாடாக்கள் ஒழுங்காக முடிச்சுப் போடப்பட்டிருந்தன. உள்ளே அது எண்ணெய் குடித்துப் பலகை மாதிரி ஆகிவிட்டிருந்தது. ஒரு பொட்டுக் காற்றுகூட அதைத் தாண்டியிருக்காது.

ஃபிட்டர் அந்தத் தையலைப் பார்த்தார். ஓரத்தை இரண்டு முறை மடித்து, மூலையில் குறுக்கே ஒரு தையல் போட்டு முடிக்கிற கை. அவர் போட்டிருந்த சட்டையின் பையிலும் அதே குறுக்குத் தையல் இருந்தது. ஒரு சாயங்காலம் மனைவி தையல் மெஷினில் இதை ஓட்டிக்கொண்டிருந்தபோது அவர் பக்கத்தில் உட்கார்ந்து கால் நகம் வெட்டிக்கொண்டிருந்தது நினைவுக்கு வந்தது. என்ன அது என்று கேட்டதற்கு, தம்பி மெஷினுக்கு ஏதோ வேணுமாம் என்றாள். துடைக்கிற துணியாக இருக்கும் என்று விட்டுவிட்டார்.

மச்சினன் நடிக்கவில்லை என்பது அவருக்கு ஏணியின் மேல் நின்றபோது உறைத்தது. ஒரு வடிகட்டி இவ்வளவு இழுத்தால் இன்னொன்று சேர்த்தால் இன்னும் இழுக்கும் என்று அந்தப் பயல் நிஜமாகவே நம்பியிருக்கிறான். மெத்தையைக் கட்டியதும் முள் எகிறியிருக்கும். பார்த்து மனம் குளிர்ந்துபோயிருப்பான். முகத்தில் மோதுகிற பனியை நம்பாமல் முள்ளை நம்பியிருக்கிறான், ஏனென்றால் மேனேஜர் முள்ளைத்தான் பார்க்கச் சொன்னார், மாமாவும் முள்ளைப் பற்றித்தான் கேட்டார்.

கீழே சுளுக்கு வந்து நின்றார். "பாவம்யா அந்தப் பையன். இருக்கறதுலயே நல்லா இழுக்கற மெஷின் அவன்து. அவனுக்குப் போய் இப்படியா?"

ஃபிட்டர் அந்த மெத்தையைத் தரையில் போட்டார். சொத்தென்று விழுந்தது.

"முள்ளு ஏறினா அடைச்சுக்கிட்டு இருக்குன்னு அர்த்தம் சார். இழுக்கலைன்னு அர்த்தம். கீழ இருந்தாத்தான் நல்லது. எல்லா மெஷினும் அடைச்சுத்தான் கெடக்கு."

சுளுக்கு மீட்டரைப் பார்த்தார், மெத்தையைப் பார்த்தார், கடைசியில் அதிசயமாக மனிதனைப் பார்த்தார். கழுத்து நேரானது.

"உனக்கு இது எப்பத் தெரியும்?"

"மொத நாளே தெரியும்."

"அப்பவே சொல்லியிருக்கலாமே."

இந்தக் கேள்விக்காகத்தான் ஃபிட்டர் இத்தனை காலமாகக் காத்திருந்தார். பதிலை எத்தனையோ தடவை ஒத்திகை பார்த்திருந்தார். "புரிஞ்சுக்கறது உங்க வேலைன்னு சொன்னீங்களே சார்" என்றார்.

கூடத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. கடைசல்காரர் குனிந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு பெரிய அடிமுட்டாள் இந்த ஆள், ஆனாலும் கேட்டது நியாயமான கேள்வி. அது ஃபிட்டருக்குச் சகிக்கவில்லை. ஸ்டோரிலிருந்து வடிகட்டிகளை எடுத்துவரச் சொல்லி, வரிசையாக எல்லா மூக்குகளையும் திறந்து மாற்றினார். சுளுக்கு ஏணியைப் பிடித்துக்கொண்டார். யாரும் அவரைப் பிடிக்கச் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போனபோது மச்சினன் சாய்த்துவைத்த கட்டிலில் உட்கார்ந்திருந்தான். மூக்கில் குழாய். அக்கா பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து அவன் பாதத்தைத் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தாள். ஃபிட்டரைக் கண்டதும் அவன் முதலில் கேட்டது இதுதான்.

"மெஷின் நிக்குதா மாமா? முள்ளு எறங்கிடப் போகுது."

ஃபிட்டர் பையைக் கீழே வைத்தார். சொல்லாமல் விட்டுவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. மனைவி பார்த்துக்கொண்டிருந்தாள். சொன்னார். முள் என்ன காட்டும், ஏன் ஏறும், மெத்தை என்ன செய்தது என்று எல்லாவற்றையும், முதல் நாள் ஏணியில் சொல்ல ஆரம்பித்து நிறுத்திய இடத்திலிருந்து, சின்னக் குழந்தைக்குச் சொல்வது போலச் சொன்னார். சொல்லி முடிக்க அதிக நேரம் பிடிக்கவில்லை. இவ்வளவு சின்ன விஷயம்.

மச்சினன் கேட்டுக்கொண்டிருந்தான். மூச்சு விட்டுவிட்டு வந்தது.

"எல்லாருக்கும் தெரியுமா மாமா?"

"ம்."

"அப்ப, என் போட்டோவ மாட்டினப்ப சிரிச்சாங்களே. அது இதுக்கா?"

ஃபிட்டர் குனிந்து, கீழே வைத்த பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார்.

"நான் என்னமோ சந்தோஷத்துல சிரிக்கறாங்கன்னு நெனச்சேன்" என்றான். கோபம் இல்லை. வெட்கப்பட்டான். எண்ணெய் குடித்த நெஞ்சை வைத்துக்கொண்டு, தன் மடத்தனத்துக்காக அவன்தான் வெட்கப்பட்டான். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான்.

மனைவியின் கை நின்றிருந்தது. "அந்த மெத்தைய நான்தான் தச்சேன்" என்றாள்.

"தெரியும்மா. பாத்தேன்."

"எனக்குத் தெரியாதுங்க. அவனுக்கும் தெரியாது. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு."

"எல்லாருக்கும் தெரியும்னுதான் நெனச்சேன். அவனும் சேந்து அந்த ஆள கிண்டல் பண்றான்னு..."

"அவன் எப்பங்க யாரக் கிண்டல் பண்ணியிருக்கான்?"

தான் பார்த்த ஆள்களிலேயே ஒருவனைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை என்று ஃபிட்டருக்குத் தோன்றியது. அதை அவளிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. "கொஞ்ச நேரம் நான் உக்காந்துக்கறேன். நீ போய் ஏதாவது சாப்புட்டு வா" என்றார்.

அவள் ஸ்டூலை விட்டு எழுந்திருக்கவில்லை. அவர் பக்கம் திரும்பவும் இல்லை. போர்வையைத் தம்பியின் காலுக்கு இழுத்துவிட்டாள்.

"வேணாம். உங்கள நம்பி ஒரு தடவ விட்டுட்டுப் போனது போதும்" என்றாள்.